எட்டும் பன்னிரண்டும்: ஹாரியட் டப்மனுக்கு அரசு போட்ட கணக்கு

1899 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டத்தை நிறைவேற்றியது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் வாழ்ந்த, எழுபது வயதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரின் ஓய்வூதியத்தை மாதம் 8 டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்தும் சட்டம் அது. முன்னாள் படைவீரர் ஒருவரின் கைம்பெண் என்ற வகையில் 8 டாலர். உள்நாட்டுப் போரின்போது செவிலியராகப் பணியாற்றியதற்காக 12 டாலர். அதே போரில் எதிரிப் பகுதிக்குள் ஊடுருவி உளவறிந்ததற்கோ, படைக்கு வழிகாட்டியதற்கோ அந்தக் கணக்கில் இடம் இல்லை.

அந்தப் பெண்மணி ஹாரியட் டப்மன். அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்ப அந்த நரகத்துக்குள் நுழைந்து பிறரையும் மீட்டுவந்தவர் என்று உலகம் அவரை அறியும். அவர் வாழ்நாள் முழுவதும் தீராத மூளைக் காயத்துடன் வாழ்ந்த மாற்றுத்திறனாளி என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கறுப்பினத்தவர், பெண், மாற்றுத்திறனாளி, ஏழை என நான்கு நிலைகளும் ஓர் உடலில் சேர்ந்திருந்தன. அவர் எதிர்கொண்ட ஒவ்வொரு சட்டமும் அவற்றில் ஏதோ ஒன்றை மட்டுமே பார்த்தது. அவரது வாழ்க்கை வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசிப்பது, பாகுபாடு எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

தலையில் விழுந்த எடைக்கல்

மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் மாவட்டத்தில் 1822 வாக்கில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அராமிண்டா ராஸ். அடிமைகளின் பிறப்பை முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் இல்லாததால், பிறந்த ஆண்டைக்கூட அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஆறேழு வயதிலேயே வெளி வீடுகளுக்கு வாடகைக்கு விடப்பட்டார். ஒரு வீட்டில் இரவெல்லாம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை. குழந்தை அழுதால் சாட்டையடி. அந்தத் தழும்புகள் முதுமைவரை அவர் கழுத்தில் இருந்தன. அவருடைய சகோதரிகள் மூவர் தொலைதூரத்துக்கு விற்கப்பட்டனர். குடும்பம் அவர்களை மீண்டும் பார்க்கவே இல்லை.

பதின்பருவத்தின் தொடக்கத்தில், பக்டவுன் என்ற சிற்றூரின் கடையில் அந்த நிகழ்வு நடந்தது. அனுமதியின்றி வயலைவிட்டு வெளியேறிய அடிமை ஒருவரைத் துரத்திக்கொண்டு ஒரு கங்காணி கடைக்குள் வந்தார். அவரைப் பிடித்துக் கட்ட உதவுமாறு அராமிண்டாவுக்குக் கட்டளையிட்டார். சிறுமி மறுத்தார். தப்பியோடியவரை நோக்கிக் கங்காணி வீசிய 2 பவுண்டு எடைக்கல் குறிதவறி அவர் தலையில் விழுந்தது. மண்டையோடு உடைந்தது. மருத்துவம் ஏதும் பார்க்கப்படவில்லை. இரண்டே நாளில், ரத்தம் வழிய மீண்டும் வயலுக்கு அனுப்பப்பட்டார்.

அதன் பிறகு கடும் தலைவலியும் திடீர் உறக்கமும் அவரை விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, நடந்துகொண்டிருக்கும்போதே உணர்விழந்து உறங்கிவிடுவார். பின்னர் விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அது ஒருவகை வலிப்பு நோயாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த உறக்கங்களில் தோன்றிய காட்சிகளை அவர் கடவுளின் குரலாக ஏற்றுக்கொண்டார்.

அடிமைச் சந்தையில் இந்தக் காயத்துக்குப் பொருள் ஒன்றுதான்: சரக்கு பழுதாகிவிட்டது. உரிமையாளர் எட்வர்ட் பிராடஸ் அவரை விற்க முயன்றார், வாங்க ஆளில்லை. அக்காலத்தில் அடிமையை விற்பவர், உடல் குறையற்றது என்று உத்தரவாதம் தருவது வழக்கம். பின்னர் குறை தெரியவந்தால் வாங்கியவர் வழக்குத் தொடுக்கலாம்; தென்மாநில நீதிமன்றங்கள் அத்தகைய வழக்குகள் பலவற்றைக் கண்டுள்ளன. காயத்தால் ஏற்பட்ட இழப்பைச் சட்டம் அறிந்தே இருந்தது. ஆனால், அந்த இழப்பு காயம்பட்டவருடையது அல்ல. அவரை உடைமையாகக் கொண்டவருடையது.

ஐந்து டாலரும் ஓர் உயிலும்

பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்பது அடிமை மாநிலங்களின் சட்டம். ஹாரியட்டின் தந்தை பென் ராஸ் 1840 வாக்கில் விடுதலை பெற்றார். 1844 வாக்கில் மணந்த கணவர் ஜான் டப்மனும் அடிமையல்லாத கறுப்பினத்தவர். ஆயினும் ஹாரியட்டுக்குக் குழந்தை பிறந்திருந்தால் அது பிராடஸின் சொத்து. இனம் ஒருவரை அடிமையாக்கியது. அந்த அடிமைநிலையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் வழியாகப் பெண்ணின் உடல் ஆக்கப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

மணமான காலத்தை ஒட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 5 டாலர் கொடுத்து வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினார் ஹாரியட். தாயின் முன்னாள் உரிமையாளர் எழுதிய உயிலைத் தேடிப் பார்க்கச் சொன்னார். தாய் ரிட்டும் அவர் பிள்ளைகளும் 45 வயதுவரை மட்டுமே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது தெரியவந்தது. தாய் அந்த வயதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உரிமையாளர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓர் அடிமை அதைச் சொல்லி நியாயம் கேட்க எளிய வழியும் இல்லை.

அந்த 45 வயதுக்கும் ஒரு பின்னணி உண்டு. 45 வயதுக்கு உட்பட்டவர்களையும் உழைத்துப் பிழைக்கும் வலிமை உள்ளவர்களையும் மட்டுமே விடுவிக்கலாம் என்று மேரிலாந்து சட்டம் வரையறுத்திருந்தது. முதியோரையும் உடல் நலிந்தோரையும் தெருவில் விட்டு, ஊர்ப் பொறுப்பில் தள்ளிவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விளைவு என்னவோ, உழைக்க இயலாதவருக்கு விடுதலையும் இல்லை என்பதுதான்.

1849 மார்ச்சில் பிராடஸ் இறந்தார். கடனை அடைக்க அடிமைகள் விற்கப்படுவர் என்ற அச்சம் எழுந்தது. செப்டம்பரில் ஹாரியட்டும் சகோதரர்கள் இருவரும் தப்பினர். வேற்று மாநிலத்தில் பிடித்துத் தருவோருக்கு ஆளுக்கு 100 டாலர் பரிசு என்று பிராடஸின் மனைவி விளம்பரம் செய்தார். சகோதரர்கள் மனம் மாற, ஹாரியட்டும் அவர்களுடன் திரும்ப நேர்ந்தது. சில நாட்களில் மீண்டும் தனியாகவே கிளம்பினார். இரவில் நடந்து, பகலில் பதுங்கி, அடிமை முறையை எதிர்த்தவர்களின் உதவியோடு பென்சில்வேனியாவின் சுதந்திர மண்ணை அடைந்தார். அந்த நெடுவழியில் எந்த இடத்தில் எப்போது உறக்கம் தம்மை வீழ்த்தும் என்பது அவருக்கே தெரியாது.

இரண்டு ஆண்டுகளில், சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்பகுதி மருத்துவர் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அடிமைகளைத் தப்பியோடத் தூண்டும் மனநோயாம் அது. அதற்கு முன்பே, 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டி, சுதந்திரமாக வாழும் கறுப்பினத்தவரிடையே மனநோய் பெருகியிருக்கிறது என்றும், அடிமை முறையே அவர்களுக்குப் பாதுகாப்பு என்றும் அரசியல்வாதிகள் வாதிட்டனர். அந்தக் கணக்கெடுப்பில் சில ஊர்களின் கறுப்பின மக்கள்தொகையைவிட, அங்குள்ள கறுப்பின மனநோயாளிகளின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. பிழை சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் வாதம் நிற்கவில்லை. எடைக்கல்லால் உண்டான உண்மையான குறைபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. விடுதலை வேட்கையோ நோயாகிவிட்டது.

பத்து டாலர் நீதி

1850-இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை கிடையாது. தம் தரப்பில் சாட்சியம் சொல்லும் உரிமையும் கிடையாது. வழக்கைத் தீர்க்கும் ஆணையர், அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம் பெறுவார். விடுவித்தால் 5 டாலர் மட்டுமே. வட மாநிலங்களும் இனிப் பாதுகாப்பல்ல என்றானது. ஹாரியட் தாம் மீட்டவர்களைக் கனடாவரை அழைத்துச் செல்லத் தொடங்கினார்.

சுமார் பத்தாண்டு காலத்தில் ஏறத்தாழ 13 முறை அவர் மேரிலாந்துக்குத் திரும்பினார். 70 பேர் அளவில் மீட்டார். உடன்பிறந்தோரும் முதிய பெற்றோரும் அவர்களுள் அடக்கம். நீண்ட குளிர்கால இரவுகளைத் தேர்ந்தெடுப்பார். சனிக்கிழமை இரவில் கிளம்பினால், திங்கள்கிழமைவரை செய்தித்தாளில் விளம்பரம் வெளிவராது என்பதைக் கணக்கில் கொள்வார். வழியில் அவர் உணர்விழந்து உறங்கினால், உடன் வந்தவர்கள் அவர் விழிக்கும்வரை காத்திருந்தார்கள். தம் வழித்துணையில் ஒருவரைக்கூட இழந்ததில்லை என்பது பிற்காலத்தில் அவர் கொண்டிருந்த பெருமிதம்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறைபாட்டை வென்ற வீராங்கனை என்று அவரைப் புகழ்வது எளிது. ஆனால், அவர் அதை வெல்லவில்லை, அதனுடன் வாழ்ந்தார். சட்டமும் சந்தையும் பழுதென்று ஒதுக்கிய ஒருவரின் தலைமையை, உயிரைப் பணயம் வைத்தவர்கள் ஏற்றுக்கொண்டனர். அவர் உறங்கும் நேரத்தையும் பயணத்தின் ஒரு பகுதியாக அவர்கள் ஆக்கிக்கொண்டனர். ஓர் அரசு செய்யத் தவறியதை அந்தச் சிறு கூட்டம் காட்டுக்குள் செய்தது.

கோம்பாகி ஆற்றின் இரவு

உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 1862-இல் தென் கரோலினாவின் போர்ட் ராயல் பகுதிக்கு ஹாரியட் சென்றார். தப்பிவந்த அடிமைகளுக்கும் படைவீரர்களுக்கும் மருத்துவமனைகளில் பணிவிடை செய்தார். மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். உள்ளூர் ஆற்றோட்டிகள் அடங்கிய உளவுக் குழு ஒன்றுக்கும் தலைமை தாங்கினார்.

1863 ஜூன் 2 அதிகாலையில், கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரியின் கறுப்பினப் படையோடு கோம்பாகி ஆற்றில் பீரங்கிப் படகுகளில் சென்றார். எதிரிகள் நீருக்கடியில் வெடிகளைப் புதைத்திருந்த இடங்களை அவரது குழு முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தது. கரையோர நெல் பண்ணைகள் தாக்கப்பட்டன. பானையும் மூட்டையும் கைக்குழந்தையுமாக ஓடிவந்து படகேறிய 700-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விடுதலை பெற்றனர். அமெரிக்க வரலாற்றில் ஆயுதத் தாக்குதல் ஒன்றை வழிநடத்திய முதல் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவது இதன் பொருட்டே.

மூன்றாண்டுப் பணிக்கு அவர் பெற்றது ஏறத்தாழ 200 டாலர். அதையும் விடுதலை பெற்ற பெண்கள் துணி வெளுத்துப் பிழைப்பதற்கு ஒரு கூடம் கட்டச் செலவிட்டார். தமக்கு மட்டும் சலுகை என்று பிறர் எண்ணக் கூடாது என அரசு தந்த உணவுப்படியை விட்டுக்கொடுத்தார். பகலில் மருத்துவமனையில் உழைத்து, இரவில் பணியாரமும் இஞ்சி ரொட்டியும் சுட்டு விற்று வயிறு வளர்த்தார்.

1865-இல் போர் முடிந்து ரயிலில் வீடு திரும்புகையில், அரசு அளித்த பயணச் சீட்டு அவரிடம் இருந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணிடம் அத்தகைய சீட்டு இருக்கும் என்று நடத்துநர் நம்பவில்லை. புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார். மறுத்தபோது, ஆட்கள் சேர்ந்து இழுத்துத் தள்ளினர். கை முறிந்தது. போர்முனையில் காயமின்றித் திரும்பியவர், தாம் காத்த நாட்டின் ரயில் பெட்டியில் காயமுற்றார்.

காகிதங்களைக் கேட்ட அரசு

அமெரிக்க அரசு குறைபாட்டுக்கு இழப்பீடு தர அறியாத அரசல்ல. 1862-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், போரில் உடல் குறையுற்ற வீரர்களுக்கு உதவித்தொகை தந்தது. அடிமை முறையால் நேர்ந்த இழப்புக்கும் ஈடு தந்ததுண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது, ஓர் அடிமைக்கு 300 டாலர்வரை வழங்கப்பட்டது. ஆனால், அந்தத் தொகை உரிமையாளர்களுக்கு. அடிமையாக இருந்தபோது மண்டை உடைந்தவருக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

ஹாரியட் முறைப்படி படையில் சேர்க்கப்பட்டவர் அல்லர். பெண்ணைச் சேர்க்க அப்போது வழியில்லை. ஆகவே வீரருக்கான ஓய்வூதியம் இல்லை. 1874-இல் அவருக்கு 2,000 டாலர் வழங்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட் அவையில் தோற்றது. 1892-இல் போர்க்காலச் செவிலியருக்கு மாதம் 12 டாலர் வழங்கும் சட்டம் வந்தது. ஆனால், கறுப்பினப் பெண்கள் பலர் அதே மருத்துவமனைகளில் அதே பணியைச் செய்தபோதும், பதிவேடுகளில் சமையல்காரர்களாகவும் வண்ணார்களாகவுமே குறிக்கப்பட்டிருந்தனர். பெண்களுக்கென்று வந்த சட்டமும் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களுக்கே கைகொடுத்தது.

அவரது இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ், கறுப்பினப் படைப்பிரிவில் பணியாற்றியவர்; 1888-இல் இறந்தார். 1890-இல் வந்த சட்டத்தின்படி கைம்பெண் ஓய்வூதியத்துக்கு ஹாரியட் விண்ணப்பித்தார். முதல் கணவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று கேட்டார்கள். படையில் வேறொரு பெயரில் இருந்தவரே நெல்சன் டேவிஸ் என்பதற்கும் சான்று கேட்டார்கள். பிறப்பைப் பதியாத, திருமணத்தை அங்கீகரிக்காத, பெயரை விருப்பம்போல் மாற்றிய அடிமை முறையிலிருந்து வந்தவர்களிடம் காகிதம் கேட்டது அரசு. முதல் கணவர் ஜான் டப்மன் 1867-இல் ஒரு வெள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு கொலையாளியை விடுவித்திருந்தது. அதே மரணத்தை ஹாரியட் இப்போது அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

ஐந்தாண்டு அலைச்சலுக்குப் பின் 1895-இல் மாதம் 8 டாலர் கிடைத்தது. தம் சொந்தப் பணிக்கு 1,800 டாலர் தர வேண்டும் என்ற அவரது கோரிக்கை தனியே நின்றது. அவருக்குச் செவிலியர் என்ற முறையில் மாதம் 25 டாலர் வழங்கலாம் என்ற மசோதாவை, அத்தொகை மிகுதி என்று செனட் குழு குறைத்தது. அப்படி வந்ததுதான் எட்டும் பன்னிரண்டும் சேர்ந்த 20 டாலர்.

அந்த ஆண்டுகளில் தலைவலி தாங்க முடியாமல் போகவே, பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் அவருக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்தை மறுத்து, போர்க்கால வீரர்களைப் போலத் தோட்டாவைப் பல்லில் கடித்தபடி அதைத் தாங்கியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய எடைக்கல்லின் செலவை அவரே ஏற்றார்.

நூறு டாலர் நுழைவுக் கட்டணம்

வறுமையிலும் அவர் வீட்டில் அனாதைகளுக்கும் முதியோருக்கும் இடம் இருந்தது. 1896-இல் பக்கத்திலிருந்த 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். ஆதரவற்ற கறுப்பின முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஓர் இல்லம் அமைப்பது அவர் கனவு. செலவைத் தாங்க இயலாமல், 1903-இல் நிலத்தை ஒரு திருச்சபையிடம் ஒப்படைத்தார். 1908-இல் இல்லம் திறந்தது. ஆனால், சேர்வதற்கு 100 டாலர் கட்டணம் விதித்தார்கள். ஹாரியட் மனம் வருந்தினார். கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கே அந்த இல்லம் என்பது அவர் எண்ணம். முதியவர், நோயாளி, கறுப்பினத்தவர் என்ற மூன்று தகுதியும் இருந்து, பணம் இல்லையென்றால் கதவு மூடியிருக்கும் என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். அதுவும் ஒரு பாகுபாடுதான் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1911-இல் அவரே அந்த இல்லத்தில் சேர்ந்தார். 1913 மார்ச் 10 அன்று நிமோனியாவால் மறைந்தார். பெண்களின் வாக்குரிமைக்காக மேடையேறிய அவர் ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. கறுப்பின ஆண்களுக்கு 1870-இலேயே கிடைத்த அந்த உரிமை, பெண்களுக்கு நாடு முழுவதும் கிடைத்தது 1920-இல்தான்.

கணக்கு முடியவில்லை

1970-களில் பாஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணியர் சிலர், தங்கள் அமைப்புக்குக் கோம்பாகி ஆற்றின் பெயரையே சூட்டினர். இன, பாலின, வர்க்க ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; ஒன்றை மட்டும் தனியே அறுத்தெறிய முடியாது என்பது அவர்கள் 1977-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரம். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் அந்தச் சிந்தனைக்குச் சட்டமொழி கொடுத்தார். கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் தொடுத்த ஒரு வழக்கை அவர் எடுத்துக்காட்டினார். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது; ஆனால் அவர்கள் வெள்ளையினத்தவர். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, ஆனால் அவர்கள் ஆண்கள். இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் இணைத்து வழக்காட முடியாது என்று 1976-இல் நீதிமன்றம் கூறியிருந்தது. பல ஒடுக்குமுறைகள் சந்திக்கும் நாற்சந்தியில் அடிபட்டவருக்கு எந்தத் தெருவின் சட்டமும் உதவிக்கு வருவதில்லை என்பதே கிரென்ஷாவின் வாதம். இன்றும் அமெரிக்காவில் இனம், பாலினம் ஆகியவற்றுக்கு 1964-ஆம் ஆண்டின் சட்டம். மாற்றுத்திறனுக்கு 1990-ஆம் ஆண்டின் சட்டம். இரண்டுக்கும் நடுவே நிற்பவர், தமக்கு நேர்ந்ததைப் பல நேரங்களில் துண்டுதுண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹாரியட்டுக்கு மரியாதைகள் தாமதமாக வந்தன. 20 டாலர் தாளில் அவர் உருவம் இடம்பெறும் என்று 2016-இல் அறிவித்தார்கள். அந்தத் தாள் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. 2024-இல் மேரிலாந்து மாநிலக் காவற்படை அவருக்குத் தளபதிப் பதவியை வழங்கியது. அதற்கு முன், 2003-இல், அவருக்குக் குறைத்துத் தரப்பட்ட ஓய்வூதியத்துக்கு ஈடாக 11,750 டாலரை அவரது நினைவில்லத்துக்கு வழங்க நாடாளுமன்றம் முன்வந்தது. 1899 முதல் 1913 வரையிலான நிலுவை அது.

ஆனால், அந்த நிலுவையும் நெல்சன் டேவிஸின் கைம்பெண்ணுக்குச் சேர வேண்டிய தொகை என்றே கணக்கிடப்பட்டது. உளவாளிக்கும் படைக்கு வழிகாட்டியவருக்கும் உரியது அதில் இல்லை. பக்டவுன் கடையில் தலை உடைந்த சிறுமிக்கு உரியதும் அதில் இல்லை. சட்டம் மனிதரை முழுதாகப் பார்க்கக் கற்காதவரை, எத்தனை முறை கூட்டினாலும் இந்தக் கணக்கில் ஒரு தொகை குறைந்துகொண்டேதான் இருக்கும்.